களைப்பு நோயாகுமா?

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் கற்றறிந்த பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்து வருகின்றோம். இவ்வாண்டு எம்மைப் பேசுமாறு செயலாளர் பணித்தபொழுது, "பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் லீவ் ரிஜிஸ்டர் எழுதிக் காலங் கழிப்பவர்க்கு மேடை எதற்கு?" என்று மறுத்தோம். "அப்படியாயின் அந்த ரிஜிஸ்டரைப் பற்றியே பேசுங்கள்" என்றார் அவர். நகைப்புக்காக அவர் கூறியதை யாம் மெய்யாகவே எடுத்துக்கொண்டோம். அந்த ஏட்டில் யாம் எழுதிய ஒரு குறிப்பைப் பற்றியும், அதன் பின்னணியில் மருத்துவ உலகில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஒரு வழக்கைப் பற்றியுமே இன்று பேசவிருக்கின்றோம். யாம் மருத்துவர் அல்லோம். எம் மூத்த மகள் செவிலியர் பட்டப்படிப்பு பயில்கின்றாள். ஆங்கில ஏடுகளை அவள் படித்துப் பொருள் சொல்ல, யாம் கேட்டறிந்தவையே இவை.

களைப்பு என்பதை அறியாதார் இவ்வவையில் ஒருவரும் இரார். அலிபிரியிலிருந்து 3,550 படிகளும் ஏறித் திருமலை சேர்ந்தவர்க்குக் கால் கடுக்கும், கண் செருகும். ஆயினும் ஓர் இரவு உறங்கி எழுந்தால் பாதி நீங்கும். மறுநாள் மீதியும் நீங்கும். உழைத்த அளவுக்குக் களைப்பு, உறங்கிய அளவுக்கு ஓய்வு என்பது உடம்பின் நேர்மையான கணக்கு. யாம் கூறவரும் நோயில் இந்தக் கணக்கே தவறிப்போகின்றது.

அந்நோயுற்றவர் ஒரு குடம் நீர் எடுத்து வைப்பார். அரைமணி நேரம் ஒருவரோடு பேசியிருப்பார். அன்றைக்கு ஒன்றும் தோன்றாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அடித்துப் போட்டாற்போல விழுந்துவிடுவார். அவ்வீழ்ச்சி சில நாளும் நீடிக்கும். சில கிழமையும் நீடிக்கும். எட்டு மணி நேரம் உறங்கினும் உறங்காதவர்போல் எழுவார். எழுந்து நின்றால் தலை சுற்றும். பழகியவர் பெயரும் நாவில் வாராது. ஒரு பத்தியைப் படித்து முடிக்குமுன் அதன் தொடக்கம் மறந்துபோகும். அமெரிக்க நாட்டு மருத்துவக் கழகம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இவ்வடையாளங்களையே முதன்மையாகக் கொள்கின்றது: ஆறு திங்களுக்கு மேலாக முன்போல் இயங்க இயலாமை, முயற்சிக்குப் பின் வரும் வீழ்ச்சி, தேறுதல் தாராத உறக்கம், இவற்றோடு சிந்தைக் குழப்பம் அல்லது நிற்கும்பொழுது வரும் தொல்லை. அந்நாட்டில் மட்டும் 8,36,000 முதல் 25 இலட்சம் பேர்வரை இந்நோயுடையர் என்பது அவ்வறிக்கையின் மதிப்பீடு. மதிப்பீட்டில் இத்தனை பெரிய இடைவெளி ஏன் எனில், இன்னார்க்கு இந்நோய் உண்டு என்று உறுதியாகக் காட்டும் இரத்தச் சோதனையோ படச் சோதனையோ இன்றுவரை இல்லை. நோயாளி வாய்ச்சொல்லே சான்று. வழக்குப் பிறந்த இடம் அதுவே.

பெயரிலும் வழக்குண்டு. 'கிரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்' என்பர் ஒருசாரார். அதாவது நெடுநாட் களைப்பு நோய். 'மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்' என்பர் மற்றொருசாரார். வாயில் நுழைய மறுக்கும் இப்பெயர்க்குத் தசைநோவுடன் கூடிய மூளை தண்டுவட அழற்சி என்பது பொருள். முன்னது நோயைச் சிறிதாக்குகின்றது. களைப்பு என்றதும், "எனக்குந்தான் களைப்பு" என்று எதிரே இருப்பவர் தொடங்கிவிடுகின்றார். பின்னதோ, அழற்சி உண்டென்பது ஐயமற நிறுவப்படுமுன்னரே அழற்சி என்று கூறிவிடுகின்றது. இரண்டையும் சேர்த்து எழுதிச் சமாதானஞ் செய்துகொள்வது இன்றைய வழக்கம்.

இனி எம் ரிஜிஸ்டருக்கு வருவோம்.

2005-ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திர நாட்டில் தலைகாட்டிய சிக்குன்குனியாக் காய்ச்சல், 2006-இல் பல மாநிலங்களிலும் பரவியதை இங்குள்ள மூத்தோர் மறந்திரார். அவ்வாண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 14 இலட்சம் பேர்க்கு அக்காய்ச்சல் கண்டதாக ஐயுறப்பட்டது. வீட்டுக்கு வீடு நிமிர்ந்து நடந்தவரெல்லாம் கூனி நடந்தனர். வளைந்துபோதல் என்னும் பொருளுடைய ஆப்பிரிக்க மொழிச் சொல்லையே அந்நோய்க்குப் பெயராக வைத்தவர், கண்ணால் கண்டுதான் வைத்திருக்கின்றார்.

அக்காலத்தில் யாம் புதிதாகப் பணியிற் சேர்ந்த எழுத்தர். வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. எம்மோடு பணியாற்றிய தோழர் ஒருவர், எம்மினும் பத்தாண்டு மூத்தவர், அரக்கோணத்துப் பக்கத்தவர். எம்மைத் 'தம்பி' என்றே அழைப்பார். இரவுப் பணி முடித்து வந்து காலையில் கைப்பந்து ஆடிய உடம்பு அவருடையது. அவர்க்கும் காய்ச்சல் வந்தது. இரு கிழமையில் நீங்கிற்று. மூட்டு நோவும் நான்கைந்து திங்களில் பெரும்பாலும் தணிந்தது. ஆனால் மனிதர் மீளவில்லை. இரு நாள் பணிக்கு வருவார். மூன்று நாள் வாரார். பார்சல் கணக்கைக் கூட்டும்பொழுது பத்து வரிக்கு மேல் மனம் நிற்கவில்லை என்பார். சிக் மெமோ வாங்குவார், மருத்துவரிடம் போவார். இரத்தம், சர்க்கரை, தைராய்டு, மார்புப் படம் எல்லாம் பார்க்கப்பட்டன. ஒன்றும் இல்லை. ஃபிட் சர்ட்டிபிகேட் கொடுத்து அனுப்பப்படுவார். அடுத்த கிழமை மறுபடியும் சிக் மெமோ.

ஃபிட் சர்ட்டிபிகேட்டைக் கொடுக்க அவர் அலுவலகத்துக்கு வரும் நாளில் யாம் அவரைப் பார்ப்போம். முகம் மழித்து, சலவைச் சட்டை அணிந்து, நன்றாகவே இருப்பார். 'இதுவா நோயாளியின் முகம்?' என்று எம்முள் கேட்டுக்கொள்வோம். அந்த அரைமணி நேர வருகைக்காக அவர் மூன்று நாள் பாயில் கிடந்திருப்பதும், திரும்பிச் சென்று மறுபடி விழப்போவதும் எம் மேசையிலிருந்து தெரியவில்லை. நோயாளியை அவர் எழுந்து நடமாடும் நாளில் மட்டுமே உலகம் காண்கின்றது. விழுந்து கிடக்கும் நாளில் காண்பவர் மனைவி மக்களே. அவர்களைச் சான்றாக எவரும் கேட்பதில்லை.

ஒருநாள் அவரது விடுப்பு விண்ணப்பத்தை மேலிடத்துக்கு அனுப்பும்பொழுது இவ்வாறு குறிப்பெழுதினோம்: 'மருத்துவச் சோதனையில் நோய் ஏதும் காணப்படவில்லை. அடிக்கடி விடுப்பெடுக்கும் வழக்கமுடையவர்.' முதல் வரி உண்மை. இரண்டாம் வரி எம் சொந்தச் சரக்கு. அவ்வாறு எழுதுமாறு எம்மை எவரும் ஏவவில்லை. அதன்பின் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. சம்பளமில்லா விடுப்பு வந்தது. ஆண்டு ஊதிய உயர்வு தள்ளிப்போயிற்று. சில ஆண்டில் அவர் தாமே கேட்டு வேறூருக்கு மாற்றலாகிச் சென்றார். யாமும் அதனை மறந்தோம்.

மறந்ததை நினைவூட்டியவள் எம் மகள். கொரோனாப் பெருநோய் வந்துபோன பின், காய்ச்சல் நீங்கியும் உடம்பு மீளாதவர் உலகெங்கும் பெருகினர். அந்நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இலக்கணம் வகுத்தது. அதனைப் பற்றிய பாடத்தை அவள் ஓரிரவு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல நாளில் அளவுக்கு மீறி உழைத்து, பின் பலநாள் விழுந்து கிடப்பர் என்னும் இடம் வந்தபொழுது, அரக்கோணத்துத் தோழர் சலவைச் சட்டையோடு எம் கண்முன் வந்து நின்றார். அன்றிலிருந்தே இவ்வழக்கின் வரலாற்றைத் துருவலானோம்.

அவ்வரலாறு 1869-இல் தொடங்குகின்றது எனலாம். அவ்வாண்டில் ஜார்ஜ் பியர்டு என்னும் அமெரிக்க மருத்துவர் 'நியூராஸ்தீனியா' என்னும் பெயரை நாட்டில் உலவவிட்டார். அதன் நேர்த்தமிழ் நரம்புத் தளர்ச்சி. ஆம், வார ஏடுகளின் பின்பக்கங்களில் லேகிய விளம்பரங்களிற் கண்டு நாம் முகஞ்சுளிக்கும் அதே நரம்புத் தளர்ச்சிதான்! நீராவி எந்திரமும் தந்தியும் செய்தித்தாளும் வந்து வாழ்க்கையின் வேகத்தைக் கூட்டியமையால் நரம்பின் ஆற்றல் வற்றிவிடுகின்றது என்பது பியர்டின் கொள்கை. நீராவி வண்டியால் பிழைக்கும் நம்மீது அன்றைக்கே பழி விழுந்திருக்கின்றது.

அடுத்த பெரு நிகழ்ச்சி 1955-இல் இலண்டன் மாநகரத்து ராயல் ஃப்ரீ மருத்துவமனையில். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியும் நோய்வாய்ப்பட்டனர். பின் ஒருவர்பின் ஒருவராக 292 ஊழியர் விழுந்தனர். ஜூலை 25-ஆம் நாள் மருத்துவமனையே மூடப்பட்டு, அக்டோபரிலேதான் மறுபடி திறக்கப்பட்டது. தசைநோவு, தலைவலி, கைகால் தளர்ச்சி. சிலர்க்கு நோய் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. மெல்வின் ராம்சே என்னும் மருத்துவர் அங்கேயே பணியாற்றி, நோயாளிகளைக் கண்ணாற் கண்டு, வாழ்நாள் முழுதும் அந்நோயைப் பற்றி எழுதினார். மறு ஆண்டு 'லான்செட்' ஏடு இதற்கு மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ் என்று பெயரிட்டு, முன்னால் 'தீங்கற்ற' என்னும் அடைமொழியையும் சேர்த்தது. எவரும் இறக்கவில்லை, ஆதலின் தீங்கற்றதாம்! பத்தாண்டு பாயிற் கிடந்தவர் அந்த அடைமொழியைப் படித்து என்ன எண்ணியிருப்பாரோ!

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1970-இல் மெக்ஈவிடி, பியர்டு என்னும் இரு மனநோய் மருத்துவர் (இந்தப் பியர்டு வேறு, முன்னவர் வேறு) அம்மருத்துவமனையின் பழைய நோய்க்குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, அது நோயே அன்று, கூட்டமாகப் பிடித்த ஹிஸ்டீரியா என்று எழுதினர். அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று, நோயுற்றோரிற் பெரும்பாலோர் பெண்கள் என்பது! நோயாளி ஒருவரையேனும் அவர்கள் நேரிற் கண்டு சோதிக்கவில்லை. ஏட்டைப் பார்த்தே தீர்ப்பெழுதினர். இதனைக் கேட்டபொழுது எமக்குச் சினம் எழவில்லை, நாணமே எழுந்தது. யாம் செய்தது வேறென்ன? அவர்கள் பட்டம் பெற்றவர், யாம் பெறாதவர் என்னும் வேற்றுமை ஒன்றுதானே! உலக சுகாதார நிறுவனம் 1969-ஆம் ஆண்டிலேயே இந்நோயை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலிற் சேர்த்திருந்தும், ஹிஸ்டீரியா என்னும் சொல்லே பல்லாண்டு நிலைத்தது. அறுபத்தைந்து ஆண்டு கழித்து வேறு இரு மருத்துவர் அன்றைய நோயாளிகளில் உயிரோடிருந்தவர்களைத் தேடிப் பேசி, ஹிஸ்டீரியா என்னும் கருத்து பொருந்தாது என்று எழுதினர்.

1980-களின் நடுவில் அமெரிக்க நாட்டு நெவாடா மாநிலத்தில், ஏரிக்கரை ஊர் ஒன்றில் இதுபோன்றே பலர் விழுந்தனர். செய்தித்தாளார் அதனைப் பணக்கார இளைஞர்க்கு வரும் சளிக்காய்ச்சல் என்று எள்ளினர். 1988-இல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் நெடுநாட் களைப்பு நோய் என்னும் பெயரை நிறுவிற்று. அந்நோய் ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அதே மையம் வேறு பணிகளுக்குச் செலவிட்டதென்று 1999-இல் தணிக்கையில் வெளியாயிற்று. தணிக்கையாளர் வரும் நாளில் நம் அலுவலகங்கள் நடுங்குவது ஏனென்று எல்லார்க்கும் தெரியும். அங்கேயும் அப்படித்தான் போலும்.

நம்பாதவர் மட்டுமே பிழை செய்தனர் என்று கூறுதல் நேர்மையாகாது. நம்பத் துடித்தவரும் செய்தனர். 2009-இல் 'சயன்ஸ்' என்னும் பெரும் ஏட்டில், இந்நோயாளிகளில் மூன்றில் இருவர் இரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்னும் கிருமி காணப்பட்டதாக ஒரு கட்டுரை வந்தது. நோயாளிகள் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். இனி எவரும் தம்மைப் பொய்யர் என்னார் அன்றோ! சிலர் எய்ட்ஸ் நோய்க்குரிய மருந்துகளைக்கூட உண்ணத் தொடங்கினர். பிறகு அக்கிருமி ஆய்வுக்கூடத்தில் கலந்த மாசு என்று தெரிந்தது. 2011-இல் ஏடு அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. சான்று கேட்டுத் தவிக்கும் மனிதர் கிடைத்த சான்றையெல்லாம் பற்றிக்கொள்வர். அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

இனி வழக்கின் உச்சிக்கு வருகின்றோம். பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம், கணக்கு எழுதும் நம்மவர்க்கு இதில் ஒரு சுவை உண்டு.

2011-ஆம் ஆண்டில் 'பேஸ்' என்னும் பெயர்கொண்ட பேராய்வு லான்செட் ஏட்டில் வெளிவந்தது. இங்கிலாந்தில் 641 நோயாளிகளை நான்கு பிரிவாக்கினர். எல்லார்க்கும் பொதுவான மருத்துவம் உண்டு. அதனோடு ஒரு பிரிவினர்க்கு மனப்பயிற்சி; ஒரு பிரிவினர்க்கு நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டப்படும் உடற்பயிற்சி; ஒரு பிரிவினர்க்கு ஆற்றலுக்கு அடங்கி நடத்தல்; ஒரு பிரிவினர்க்குப் பொதுமருத்துவம் மட்டும். நோயாளி உழைப்புக்கு அஞ்சி அஞ்சியே உடல் தளர்ந்துபோனார். அச்சத்தை நீக்கி உடலை முடுக்கினால் மீள்வார் என்பது அம்மருத்துவர் கொள்கை. அது தீய கொள்கை என்று சொல்லிவிட முடியாது. முதுகுவலி முதலான பல நோய்களில் படுத்தே கிடத்தல் கேடு என்பதை நாமே அறிவோம். மனப்பயிற்சியும் உடற்பயிற்சியும் பயன் தந்தன என்று முடிவு கூறினர். 2013-இல், அவ்விரு பிரிவினரில் நூற்றுக்கு 22 பேர் நலமடைந்தனர் என்றும் எழுதினர். பயிற்சியே மருந்து என்னும் செய்தி பல நாடுகளுக்கும் சென்றது.

நோயாளிகளோ, பயிற்சி செய்து மேலும் விழுந்தோம் என்று கதறினர். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஒரு நோயாளி, தாமே நலிந்த உடம்போடு, ஆய்வின் மூலக் கணக்கைத் தருமாறு தகவல் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தார். பல்கலைக்கழகம் மறுத்தது, தீர்ப்பாயம் 2016-இல் கொடுக்குமாறு ஆணையிட்டது. ஏட்டைத் திறந்து பார்த்தோர் கண்டது என்ன? ஆய்வு தொடங்கியபொழுது வகுத்த அளவுகோலை இடையில் மாற்றியிருந்தனர். உடலியக்கத்துக்கு நூறு மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 65-ம் அதற்குக் கீழும் பெற்றவர் நோயாளி என்று ஆய்வுக்குள் சேர்க்கப்பட்டார். முடிவிலோ 60 பெற்றாலே நலமடைந்தவர்க்குரிய வரம்பு! அவ்வொரு வரியில், 65-இல் நுழைந்து 60-க்கு இறங்கியவரும் தேறியவராவார். நம் அலுவலகத்தில் இப்படி ஒரு கணக்கு எழுதினால் யாராவது விடுவார்களா? முதலில் வகுத்த அளவுகோலின்படி மறுபடி கணக்கிட்டவர்கள், நலமடைந்தோர் மனப்பயிற்சியில் நூற்றுக்கு 7 பேர், உடற்பயிற்சியில் 4 பேர், ஒன்றும் கூடுதலாகச் செய்யாதவரில் 3 பேர் என்று 2018-இல் காட்டினர்.

இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறை வகுக்கும் 'நைஸ்' என்னும் நிறுவனம் 2007-இல் அப்பயிற்சிகளைப் பரிந்துரைத்திருந்தது. சான்றுகளை மறுபடி அலசி, 2021 ஆகஸ்டில் புதிய நெறிமுறையை வெளியிட முனைந்தபொழுது, மருத்துவப் பெருங்கழகங்கள் சில எதிர்த்தமையால் கடைசி நாளில் அது நிறுத்தப்பட்டது. இறுதியில் அக்டோபரில் வெளிவந்தது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்நோய்க்கு மருந்தாகக் கொடுத்தல் கூடாது. மனப்பயிற்சி விரும்பினவர்க்கு ஆறுதலாகலாம், நோய் தீர்க்கும் வழியாகாது என்றது அந்நெறிமுறை. அதனோடு வழக்கு முடிந்துவிடவில்லை. நெறிமுறை வகுத்த முறையே பிழையுடையது என்று மருத்துவர் பலர் கையொப்பமிட்டு 2023-இல் எழுதினர். மற்றொருபால், எடின்பரோவில் 15,579 நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், நோயில்லாதவரினும் வேறுபட்ட எட்டு இடங்களைக் கண்டதாக 2025 ஆகஸ்டில் முதற்கட்ட முடிவை வெளியிட்டனர். அவற்றுட் சில நோய் எதிர்ப்பாற்றலோடும் நரம்போடும் தொடர்புடையன. இஃது இன்னும் ஒரு சோதனையாக நம் கைக்கு வரவில்லை. ஆயினும் 'எல்லாம் மனம்' என்பார்க்கு விடை கூற ஒரு தொடக்கம்.

நம் நாட்டு நிலை என்ன? 'இஃதெல்லாம் வயிறு நிறைந்த நாட்டார் நோய்' என்று எம் நண்பர் ஒருவரே கூறினார். அன்று. ஆஸ்திரேலியாவின் டப்போ என்னும் சிற்றூர்ப் பகுதியில், மூவகைக் காய்ச்சலுள் ஒன்று கண்ட 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் எழுதினர். ஆறு திங்கள் கழித்து அவர்களில் நூற்றுக்கு 11 பேர் இந்நோயின் அடையாளங்களோடு இருந்தனர். அம்மூன்றில் ஒன்று ராஸ் ரிவர் என்னும் கொசுக்காய்ச்சல். நம் சிக்குன்குனியாவுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. காய்ச்சலின் வகையை விட, காய்ச்சல் எத்துணைக் கடுமையாக இருந்தது என்பதே பின்வரும் நலிவுக்குக் காரணமாயிற்றாம். கொசுவும் காய்ச்சலும் நம் ஊரில் இல்லையா?

நம் நாட்டில் நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. கோவாவில் விக்ரம் பட்டேல் என்னும் மனநல மருத்துவரும் குழுவினரும் 18 முதல் 50 வயது வரையுள்ள 2,494 பெண்களைக் கண்டு விசாரித்து, 2005-இல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் எழுதினர். நூற்றுக்குப் பன்னிருவர் நெடுநாட் களைப்புடையர். பெண்ணுக்குக் களைப்பென்றால் இரத்தச்சோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது நம் வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டு மகளிரில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையர். ஆதலின் அவ்வழக்கில் வியப்பில்லை. கோவா ஆய்விலோ, களைப்புக்கும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை! தொடர்பு காணப்பட்டவை எவை? அண்மையில் பட்டினி கிடந்தமை, கடன், கணவனது வன்முறை, கைம்மை, வீட்டில் தமக்கென ஒரு சொல் இல்லாமை, துணைநிற்பார் இன்மை, மனத்துயர். கவனிக்க: இவர்கள் அனைவரும் யாம் மேலே விவரித்த நோயுடையர் என்பதன்று. களைப்பு என்னும் ஒரே சொல்லுக்குள் பல துன்பங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதே செய்தி. தாய் ஒருத்தி "அசதியாக இருக்கிறது" என்றால் அது சோகையாகலாம், சர்க்கரையாகலாம், தைராய்டாகலாம், காசமாகலாம், கடன்காரனாகலாம், கணவனாகலாம்; யாவும் இன்றி இந்நோயாகவும் ஆகலாம். கேட்டால்தான் தெரியும். நம் குடியிருப்பில் எத்தனை வீட்டில் கேட்கின்றோம்?

நடைமுறைக்கு இரண்டொரு சொல். காய்ச்சல் நீங்கிப் பல திங்களாகியும் உடம்பு மீளாதவர், தீர்க்கக்கூடிய நோய்கள் உளவா என்று முதலில் முறையாகச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். ரூயாவோ, ஸ்விம்ஸோ, வேலூரோ, அவரவர்க்கு இயன்ற இடத்தில். அவை யாவும் இல்லையென்று தெளிந்து, உழைத்தபின் விழும் அந்த அடையாளம் இருந்தால், 'நட, ஓடு, சோம்பியிராதே' என்று துரத்துதல் கூடாது. இந்நோயை அறவே நீக்கும் மருந்து இன்று எவரிடமும் இல்லை. உண்டென்று பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். இன்று மருத்துவர் கூறுவது ஒரு கணக்குமுறை. இருப்பு எவ்வளவோ அவ்வளவே செலவு. லீவ் கணக்கில் இருப்பில்லாதபொழுது விடுப்பெடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் அல்லவா? இங்கே உடம்பிற் பிடிக்கின்றார்கள்.

சென்ற கார்த்திகைப் பிரம்மோற்சவத்தில், பஞ்சமி தீர்த்தத்தன்று, பத்ம சரோவரத்தை நோக்கி மக்கள் வெள்ளம் சென்றுகொண்டிருந்தது. குளத்துக்கு எட்டத்தில் ஒரு கடையோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவரைக் கண்டோம். தலை நரைத்திருந்தது, சட்டை அதே சலவைச் சட்டை. அருகிற் சென்று வணங்கினோம். பெயர் சொல்லி அழைத்தார். அம்மையார் நீராடச் சென்றிருப்பதாகவும், தாம் இவ்விடத்திலிருந்தே தாயாரைக் கும்பிட்டுக்கொள்வதாகவும் கூறினார்.

"மூன்று நாள் படுத்துச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், தம்பி. இனி ஊர் திரும்பி நான்கைந்து நாள் எழுந்திருக்க மாட்டேன். இந்தக் கணக்கில்தான் இத்தனை ஆண்டும் வண்டி ஓடிற்று" என்றார்.

யாம் படித்தறிந்தவற்றைச் சொன்னோம். இதற்கொரு பெயர் உண்டென்பது அவர்க்கு முன்பே தெரிந்திருந்தது. அண்மையில் ஓர் இளம் மருத்துவர் சொன்னாராம். பிறகு, அன்று அக்குறிப்பை எழுதியவர் யாமே என்பதையும் சொல்லிவிட்டோம்.

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, தம்பி?" என்றார் அவர்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலியைச் சற்று நிழலுக்கு நகர்த்தித் தருமாறு கேட்டார். நகர்த்தி வைத்து, அம்மையார் வரும்வரை அருகில் நின்றிருந்தோம்.